கோவில்பட்டிப் பிள்ளையிடம் முதலில் காட்டுங்கள்!

என்ஜினீயரிங் கலந்தாய்வு என்றால் 2017 வரை பெட்டி படுக்கையோடு ராத்திரி ரெயில் ஏறி, கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டும். 2018 முதல் எல்லாம் இணையதளத்தில். அலைச்சல் மிச்சம். நல்லதுதான்.

ஆனால் விருப்பப் பட்டியலில் எதை முதலில் போடுகிறோமோ, நம் முறை வரும்போது அந்த இடம் இருந்தால் அதுதான் தலையில் விழும். வரிசை பிசகினால் 4 வருஷப் படிப்பே பிசகும். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற தாய்மார்கள், "அண்ணாச்சி, நீங்களே பார்த்துப் போட்டுவிடுங்க" என்று பிரவுசிங் சென்டரில் நிற்கிறார்கள்.

தளத்தை மாற்றுகிறவர்கள் அதன் மாதிரியை எட்டயபுரம், கயத்தாறு பக்கத்துப் பிளஸ்-2 பிள்ளைகள் 5 பேரிடம் செல்போனில் கொடுக்கட்டும். வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காரட்டும். விரல் எங்கே தயங்குகிறது என்று தெரிந்துவிடும். 5 பேர் போதும் என்று ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000-ம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். பஸ் செலவுதானே! விண்ணப்பம் தொடங்கும் முன்பே செய்யுங்கள்.