நனைத்துத் தைப்பதா, நனையாமல் தைப்பதா?

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது பழமொழி. தையல் வேலைக்கு இது மிகவும் பொருந்தும். ஒட்டுத்துணிப் போர்வை தைக்கப் புதுத் துணி வாங்கியவுடன் வெட்டலாமா, அல்லது நனைத்துக் காயவைத்த பின்பே வெட்ட வேண்டுமா? நம் தையல் வகுப்பில் ஓயாமல் நடக்கும் வாக்குவாதம் இது. நனைத்த பின்பே வெட்ட வேண்டும் என்பது என் கருத்து.

தறியில் நூலை விறைப்பாக இழுத்தே நெய்கிறார்கள். கஞ்சி அந்த விறைப்பைக் காக்கிறது. நீர் பட்டதும் நூல் தளர்ந்து துணி சுருங்குகிறது. ஆலைத் துணிகளில் சிலவற்றை முன்பே சுருக்கி விற்கிறார்கள். சான்ஃபோர்டு கிளூயட் என்ற அமெரிக்கர் 1930-ஐ ஒட்டி உருவாக்கிய முறை அது. சாதாரணக் கைத்தறித் துணிக்கு அந்த வசதி இல்லை.

எல்லாத் துண்டுகளும் ஒரே அளவு சுருங்கினால் போர்வை சற்றுச் சிறிதாகும், அவ்வளவே. பருத்தித் துண்டு சுருங்கி, பக்கத்திலுள்ள பாலியெஸ்டர் துண்டு சுருங்காமல் நின்றால்தான் தையல் இழுத்துக்கொண்டு போர்வை கோணலாகிறது.

அடுத்தது சாயம். நம் மதுரைக்குப் பெருமை சேர்ப்பது சுங்குடி. சௌராஷ்டிர மக்கள் துணியில் சிறுசிறு முடிச்சுகள் கட்டி, சாயத்தில் தோய்த்துப் புள்ளிகளை உண்டாக்கும் இக்கலைக்கு 2005-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அத்தகைய அழுத்தமான சிவப்புத் துணியை நனைக்காமல் வெள்ளைத் துண்டோடு சேர்த்துத் தைத்தால், முதல் சலவையில் மிச்சச் சாயம் வெள்ளையில் ஏறிவிடலாம். கல்லுப்பு போட்டால் போதும் என்பார்கள். துணியில் பிடிக்காத சாயத்தை உப்பு பிடித்து நிறுத்தாது. நிறம் கழலாத வரை தனியாக அலசுவதே வழி.

எதிர்க்கட்சித் தோழியர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கஞ்சி போனால் துணி துவண்டு, வெட்டு நேராக வராது. சிறு துண்டுகளின் ஓரம் பிரியும். கோடையில் ஒரு வாளித் தண்ணீரும் அருமை. முழுத் துணியாகவே நனைத்து, இலேசாகக் கஞ்சி போட்டு, ஈரம் முழுதும் காயுமுன் இஸ்திரி போட்டால் முதல் இரண்டு குறைகளும் தீரும். தண்ணீருக்கு அஞ்சுவோர் அம்மாவின் பழம்புடவையை எடுத்துக்கொள்ளலாம். பலமுறை துவைத்த துணி இனிப் பெரிதாகச் சுருங்காது. வங்காளத்துப் பெண்கள் காந்தா போர்வைகளைப் பழம்புடவைகளில்தானே தைத்து வந்தார்கள்!

கண்காட்சி மேசையில் மதிப்பெண் பெற, கஞ்சி விறைப்பு போதும். ஆனால் நம் போர்வை முதியோர் இல்லத்துப் பாட்டி ஒருவருக்குப் போகிறதே! அவர் அதை முதன்முறை துவைக்கும் நாளில் நாம் அருகில் இருக்கமாட்டோம். சுருங்கிச் சாயம் கலந்துபோனால், ‘இலவசமாக வந்தது இப்படித்தான் இருக்கும்’ என்று அவர் மனம் நோகாதா?

தோழியரே, கொடுக்கும் நாளின் அழகைவிடத் துவைத்த பின் நிற்கும் அழகே மேல். ஆகவே முதலில் நனைப்போம், பிறகு தைப்போம்.