உதிர்ந்துபோன துணைவினை

ஓஎன்ஜிசியின் துணை நிறுவனமான ஓஎன்ஜிசி விதேஷ் வெளிநாட்டு எண்ணெய் வயலொன்றுக்குப் போட்டியிட்டால், ஒப்பந்தம் 'கிடைக்கக்கூடும்' என்று செய்தி வருகிறது. பங்குச்சந்தைப் பரிந்துரைகளில் அது 'கிடைக்கும்' என்றாகிவிடுகிறது. சிறு முதலீட்டாளர் அதை நம்பித் தாய் நிறுவனப் பங்கை வாங்குகிறார். இடையில் உதிர்ந்த துணைவினைக்கு விலை கொடுப்பது அவருடைய சேமிப்பு.

ஈரானின் பர்சாத்-பி எரிவாயு வயலை நினைவுகூரலாம். 2002இல் ஆய்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2008இல் இந்தியக் கூட்டமைப்பே அங்கு எரிவாயுவைக் கண்டறிந்தது. பேச்சுவார்த்தை ஆண்டுக்கணக்கில் நீண்டது. அமெரிக்கத் தடைகளும் குறுக்கிட்டன. 2021 மே மாதத்தில் மேம்பாட்டு ஒப்பந்தம் ஈரானின் பெட்ரோபார்ஸ் நிறுவனத்துக்குச் சென்றது. கண்டறிந்தவர்க்கே உறுதியில்லாதபோது, போட்டியிடுபவர்க்கு ஏது உறுதி?

ஒப்பந்தப்புள்ளி விண்ணப்பமே, வருமானம் அன்று. ஏமாந்தவரைப் பேராசைக்காரர் என்று பழிப்பது எளிது. 'கூடும்' என்பதை நீக்கியவர்களை அல்லவா முதலில் கேட்க வேண்டும்?