கடையில் வாங்கும் ப்ராஜெக்ட் வேண்டாம்

கல்லூரி இறுதியாண்டு ப்ராஜெக்டைக் கடையில் விலை கொடுத்து வாங்குவது ஊரறிந்த ரகசியம். தலைப்பு, அறிக்கை, பைண்டிங் எல்லாம் சேர்த்து ஒரு விலை. வைவாவில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். ஆய்வு, படைப்புத் திட்டம், சக மாணவருக்குப் பாடம் சொல்லித்தருவது ஆகிய மூன்றும் வெறும் சடங்காக இருக்கும்வரை இந்த வியாபாரம் நிற்காது. இவற்றுக்குக் கால அட்டவணையில் இடமும் உரிய கிரெடிட்டும் தர வேண்டும். காரைக்குடி பக்கத்து மானகிரி வட்டார ஆசிரியர்கள், பெற்றோர், முன்னாள் மாணவர்கள் சேர்ந்த எங்கள் குழுவின் நிலைப்பாடு இதுதான்.

ஆய்வுக்கு விஷயம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் செட்டிநாட்டு ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறை ஒன்றில் அரைநாள் நின்றால் போதும். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவை இட்டு மட்டம் செய்கிறார்கள். சூளையே கிடையாது. காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கும்போது கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் இறங்கியிருக்கும். எத்தனை நாள் ஊறினால் எவ்வளவு உறுதி என்று சிவில் மாணவர் அளக்கலாம். பட்டறையில் புழங்கும் சொற்களைத் தமிழ்த்துறை மாணவி திரட்டலாம். இன்னொருவர் படமெடுக்கலாம். மூவரும் சேர்ந்து ஒரே அறிக்கை தந்தால் என்ன குறைந்துவிடும்? துறைக்குத் துறை சுவர் எழுப்பி வைத்திருப்பது நாம்தான். இப்படியோர் அறிக்கை எந்தக் கடையிலும் கிடைக்காது.

செட்டிநாட்டுக்கு ஆய்வு புதிதுமல்ல. விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த கோட்டையூர் ரோஜா முத்தையா தம் போக்கில் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான், அவர் 1992இல் மறைந்தபின், சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாயின. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் திறக்கப்பட்டது. அதன் வாசலைத் தாண்டித் தினமும் பேருந்தில் போகும் பிள்ளைகளுக்கு அதற்குள் என்ன நடக்கிறது என்று காட்ட வேண்டியது கல்லூரிகளின் பொறுப்பு.

சக மாணவர் சொல்லித்தருவதும் நமக்குப் பழக்கப்பட்டதே. இளைய மாணவருக்குப் பாடம் சொன்ன திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை யாரும் மறந்திருக்க மாட்டோம். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைச் சென்னையில் நடத்திப் பார்த்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1797இல் அதை நூலாக்கினார். ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்திலும் அது பரவியது. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் புத்தகத்தின் முன் விழிக்கும் முதலாண்டுப் பிள்ளைக்கு, அதே வழியில் வந்த சீனியர் அக்கா சொல்வது சட்டென்று புரியும். சொல்லிக்கொடுக்கும்போதுதான் தனக்கு எது புரியவில்லை என்பதும் அந்த அக்காவுக்குத் தெரியவரும்.

ஆனால் ஒன்று: மெட்ராஸ் முறை இங்கிலாந்தில் பரவியதற்குச் செலவு குறைவு என்பதும் ஒரு காரணம். காலியான ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல், சீனியர்களை வைத்து ஒப்பேற்ற இதைப் பயன்படுத்தினால் நாங்களே எதிர்ப்போம். மாலை வகுப்பாகவும் இதை வைக்கக் கூடாது. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பேருந்து காத்திருக்காது.

“சிலபஸ் முடிக்கவே நேரமில்லை” என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆகவே சிலபஸைக் குறைத்து இடம் ஒதுக்குங்கள் என்று பாடத்திட்டக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறோம். வைவாவைத் தமிழிலும் நடத்துங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ப்ராஜெக்டுக்கு என்று பிள்ளை பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன் எதற்கு என்று கேளுங்கள்.