சிவப்பு ருசி ஆகாது



போன ஞாயிறு பேத்தி தட்டைத் தள்ளிவிட்டாள். "தாத்தா, இது சிக்கன் 65 இல்ல. சிவப்பாவே இல்ல!" குழந்தை மேல் தப்பில்லை, பழக்கியது நாம்தான்.

2024 ஜூனில் கர்நாடக அரசு, 39 கபாப் மாதிரிகளைச் சோதித்து, 8இல் செயற்கை நிறம் இருந்ததால் தடை போட்டது. அது கடைக்காரருக்கு. நம் அடுப்படிக்கு யார் தடை போடுவது? மசாலா பாக்கெட்டின் பின்பக்கத்தை எத்தனை பேர் படிக்கிறீர்கள்? கேள்வியைப் படிக்காமல் விடை எழுதினால் நான் மார்க் போட்டிருப்பேனா?

"நேரமில்லை சார்" என்பீர்கள். அரைக் கிலோ கோழிக்குக் கால் கப் கெட்டித் தயிர், ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, 2 டீஸ்பூன் காஷ்மீர் மிளகாய்த்தூள், கொஞ்சம் மஞ்சள், மிளகு, உப்பு, அரை எலுமிச்சம்பழம். ஐந்தே நிமிட வேலை. நிறத்துக்கு அந்த மிளகாய் போதும். ஒரு மணி நேரம் ஊறட்டும். மேடையில் வேண்டாம், ஃபிரிட்ஜில். கறிக்குள் இறங்குவது உப்புதான். புளிப்பு மேலோடு நின்றுவிடும்; ராத்திரி முழுக்க எலுமிச்சையில் ஊறினால் கறி கூழாகும்.

எல்லாப் பாக்கெட்டும் கெடுதல் என்று சொல்லவில்லை. பிள்ளை தின்பதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஊட்டுவதுதான் தப்பு.

இந்த ஞாயிறு பேத்தியையே பிசைய விடப்போகிறேன். தன் கையால் பிசைந்ததைத் தள்ளமாட்டாள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து,
உங்கள் சார்