நீக்கப்படும் பட்டியலை முதலில் படியுங்கள்

சர்வரை நள்ளிரவில் மேம்படுத்துங்கள் என்று பாடநூல்கள் சொல்லும். கேமரன் மலையின் திரிங்காப்பில் அது நடக்காது. காய்கறி ஏற்றிய லோரிகள் மலையிறங்கி சிலாயாங் மொத்தச் சந்தைக்கு ஓடும் நேரம் இரவு. எடையும் ரசீதும் அப்போதுதான் சர்வரில் ஏறுகின்றன. தேயிலைத் தோட்ட அலுவலகத்திலோ பகலில் கொழுந்து நிறுக்கும்போது கையை வைக்க முடியாது. மலைமேல் நமக்குக் கிடைப்பது குறுகிய இடைவெளிதான். அதற்குள் டெபியனின் பொதி மேலாளரான ஆப்ட் 'சார்பு முரண்பாடு' என்று சொல்லி நின்றுவிட்டால், கட்டாயப்படுத்தி நிறுவும் கட்டளையைத் தேடிக் கை தானாகப் போகும். போகக்கூடாது.

நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அன்றைக்கு நடந்தது அல்ல. ஒரு கணக்கு மென்பொருளுக்குப் புதிய போஸ்ட்கிரெஸ் வேண்டும் என்று எப்போதோ ஒருவர் போஸ்ட்கிரெஸ் திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்தை டெபியன் 11-இல் சேர்த்திருப்பார். அப்போது அது சரியான முடிவுதான். அந்தக் களஞ்சியத்தோடு லிப்பிக்யூ5 நூலகத்தின் புதிய பதிப்பும் வந்து உட்கார்ந்துவிடும். இன்று டெபியன் 12-க்கு மாறும்போது, வழிகாட்டி சொன்னபடி வெளிக் களஞ்சியத்தை அணைத்துவிட்டுத் தொடங்குகிறோம். டெபியன் 12-இன் லிப்பிக்யூ-டெவ் பொதியோ தன் பதிப்பான 15-க்கு இம்மியும் பிசகாத லிப்பிக்யூ5-ஐக் கேட்கும். வட்டில் இருப்பது 16 அல்லது 17. ஆப்ட் தானாகக் கீழ்ப்பதிப்புக்கு இறங்காது. பூட்டு விழுந்துவிடுகிறது.

இந்த இடத்தில் செய்யவேண்டியது 'ஆப்ட் பாலிசி லிப்பிக்யூ5' என்று கேட்பது. நிறுவப்பட்ட பதிப்பின் வாலில் 'பிஜிடிஜி110' என்று இருக்கும்; அந்த 110 டெபியன் 11-ஐக் குறிக்கும். அதற்கு நேரே எந்தக் களஞ்சியமும் இல்லாமல் டிபேகேஜ் நிலைக் கோப்பு மட்டும் நின்றால், அநாதைப் பொதி அதுதான். அதன்பின் இரண்டே வழி. ஒன்று, அதே வெளிக் களஞ்சியத்தின் டெபியன் 12 வரியைச் சேர்த்து 'பிஜிடிஜி120' பதிப்புக்குப் போவது. மற்றது, டெபியனின் பதிப்புக்கு 1000-க்கு மேற்பட்ட முன்னுரிமை கொடுத்துக் கீழே இறக்குவது. டேட்டாபேஸ் புதிய பதிப்பில் ஓடுகிறதென்றால் முதல் வழிதான். 'டிபேகேஜ்' கொண்டு சார்பைப் புறக்கணித்து நிறுவினால் அந்த நிமிடம் கடந்துபோகும். அடுத்து எதைத் தொட்டாலும் ஆப்ட் உடைந்த சார்பைச் சரிசெய்யச் சொல்லும், அது முன்மொழியும் தீர்வோ பல நேரங்களில் நாம் கட்டாயப்படுத்தி வைத்த பொதியையே நீக்குவதாக இருக்கும்.

நீக்கப்படும் பொதிகளின் பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' அழுத்துகிறவர்கள் நம்மிடையே அதிகம். ஒத்திகைக் கொடியோடு ஒருமுறை ஓட்டிவிட்டு அந்தப் பட்டியலைக் காகிதத்தில் எடுத்துவைப்பது மலைமேல் இருப்பவர்களுக்கு இன்னும் அவசியம். இணைப்பு பாதியில் போனால் தேடிப் படிக்க வேறு எதுவும் இருக்காது. யாரோ பிடித்து நிறுத்திவைத்து மறந்த பொதிகளையும் கூடவே பாருங்கள். 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' அவற்றைக் காட்டும்.

ஆப்ட்டைத் திட்டுவதில் பயனில்லை. எந்தெந்தப் பொதிகள் ஒன்றாக இருக்க முடியும் என்ற கேள்வியே, கணினியியலின் கடினமான கணக்குகள் இருக்கும் என்பி-முழுமை வகுப்பைச் சேர்ந்தது என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2006-இலேயே நிறுவினார்கள். 2025-இல் வந்த ஆப்ட் 3.0-இல் புதிய தீர்ப்பான் உண்டு. அதுவும் இல்லாத பதிப்பை உண்டாக்கித் தராது.

சத்தம் போடாத முரண்பாடுதான் எனக்கு அதிகக் கவலை. எடைமேடையோடு பேசும் பழைய மென்பொருள் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பழைய நூலகமான லிப்எஸ்எஸ்எல்1.1-ஐக் கேட்கும். டெபியன் 12-இல் அது இல்லை, ஓப்பன்எஸ்எஸ்எல் 3-தான். பழைய பொதியை இறக்கி நிறுவினால் முணுமுணுப்பில்லாமல் உட்கார்ந்துகொள்ளும், எல்லாம் ஓடும். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-இலேயே நின்றுவிட்டது. டெபியன் 11-க்கான நீண்டகால ஆதரவின் கடைசி நாள் 2026 ஆகஸ்ட் 31. கையால் இறக்கிய பிரதிக்கு எந்தத் திருத்தமும் தானாக வந்து சேராது. முன்பு அந்த சர்வர் மலைக்குள்ளேயே இருந்தது, பரவாயில்லை. இப்போது அப்படியில்லை: மலேசியாவில் கட்டாயமாகிவரும் மின்னணு விலைப்பட்டியலான இ-இன்வாய்ஸ் 2024 ஆகஸ்ட் 1-இல் பெரிய நிறுவனங்களோடு தொடங்கி, 2025 ஜூலையில் ஆண்டு விற்பனை 5 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியவர்கள்வரை வந்துவிட்டது. விற்பனைப் பதிவு வெளியே போயே ஆகவேண்டும்.

அந்த எடைமேடை மென்பொருளைத் தனிக் கொள்கலனில் போட்டு, வெளி இணைப்பைத் துண்டித்து, எடை எண்ணை மட்டும் உள்வலையில் அனுப்பவிடுவது இப்போதைக்கு நடக்கக்கூடிய காரியம். கூடவே, விற்றவரிடம் அடுத்த பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்கான பதிப்பு எந்தத் தேதியில் வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். தேதி தர மறுத்தால், எடைமேடையின் தொடர் இணைப்பிலிருந்து எண்ணைப் படிக்கும் சிறு நிரலை நாமே எழுதிக்கொள்வது எவ்வளவு வேலை என்று முதலாளியிடம் கணக்குச் சொல்லலாம். பல மாதிரிகளில் அது நினைப்பதைவிடக் குறைவு.