மூன்று வருட வேலை, முப்பது வருடக் கடல்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு பஸ்ஸில் வருகிறவர்கள் கரமனைப் பாலத்தைத் தாண்டும்போது இறங்குவதற்காகப் பையைத் தேடத் தொடங்குவார்கள். கீழே ஓடும் ஆற்றை யாரும் கவனிப்பதில்லை. அகஸ்தியர் மலைத் தொடரில் பிறக்கும் கரமனை ஆறு சுமார் 68 கிலோமீட்டர் ஓடி, கோவளத்துக்குப் பக்கத்தில் பனத்துறையில் கடலில் கலக்கிறது. நகரத்துக்குக் குடிநீர் தரும் அருவிக்கரை அணையும் பேப்பாறை அணையும் இந்த ஆற்றில்தான் இருக்கின்றன.

ஆறு தண்ணீரை மட்டும் கடலுக்குக் கொண்டுபோவதில்லை, மணலையும் கொண்டுபோகிறது. கடற்கரைக்கு அதுதான் வரவு. அணைகள் அதில் ஒரு பங்கை நிறுத்திக்கொண்டன. கட்டடம் கட்டுகிறவர்கள் இன்னொரு பங்கை லாரியில் ஏற்றிக்கொண்டார்கள். ஆற்று மணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்தக் கேரள அரசு 2001ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. செலவு மட்டும் குறையவில்லை. அலை தன் பங்கைத் தவறாமல் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

அது எங்கிருந்து எடுக்கிறது என்பதைப் பனத்துறைக்கு வடக்கே பார்க்கலாம். பூந்துறை, பீமாப்பள்ளி, வலியதுறை, சங்குமுகம் என்று வரிசையாக இருக்கும் மீனவர் குடியிருப்புகளில் தென்மேற்குப் பருவமழை என்றாலே பயம். சங்குமுகத்தில் கடலோரச் சாலையையே அலை தின்றுவிட்டது. 1956ல் கட்டப்பட்ட வலியதுறை கடல்பாலம் 2021 மே மாதக் கடல் கொந்தளிப்பில் ஒரு பக்கம் சரிந்து இறங்கியது. வீடு இழந்த குடும்பங்கள் வலியதுறையில் சிமெண்ட் மூட்டை அடுக்கும் கிடங்கில் வருடக்கணக்கில் குடித்தனம் நடத்தின.

கேரள அரசின் 'புனர்கேஹம்' மறுவாழ்வுத் திட்டம் இவர்களுக்காக வந்ததுதான். கடலேற்றக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் வசிக்கும் குடும்பம் இடம்பெயர்ந்தால் நிலத்துக்கும் வீட்டுக்குமாக ரூ.10 லட்சம். மாநிலம் முழுவதும் 18,685 குடும்பங்கள் இந்த எல்லைக்குள் இருப்பதாகக் கணக்கெடுத்தார்கள். 50 மீட்டரை எந்த இடத்திலிருந்து அளப்பது என்பதில்தான் சிக்கல். அளவுகோலின் ஒரு முனையே வருடா வருடம் நகர்கிறது. இன்று 60 மீட்டரில் இருக்கும் வீடு ஐந்து வருடம் கழித்து எங்கே இருக்கும் என்று சொல்ல யாராவது வேண்டும்.

இந்தக் கேள்விக்கு விழிஞ்ஞம் இன்னொரு முனையைக் கொடுத்தது. அங்கே துறைமுகக் கட்டுமானம் 2015 டிசம்பரில் தொடங்கியது. சுமார் 3 கிலோமீட்டர் நீளமுள்ள அலைதடுப்புச் சுவர்தான் வடக்கே கரையைத் தின்கிறது என்றார்கள் மீனவர்கள். துறைமுகம் வருவதற்கு முன்பே இந்தக் கரைகள் அரிக்கப்பட்டுத்தான் வந்தன என்றது எதிர்த்தரப்பு. 2016 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் துறைமுகத்தை அனுமதித்தபோதே, கரை மாற்றத்தைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. 2022 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை போராட்டம் வேலையை முடக்கியது. அரசு ஒரு நிபுணர் குழு அமைத்தது. போராடியவர்கள் தங்கள் தரப்பில் மக்கள் ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தார்கள். 2025 மே 2ஆம் தேதி பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். போராட்டம் ஓய்ந்ததே தவிர கேள்வி ஓயவில்லை.

தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1876ல் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழத் தொடங்கிய பிறகு தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை தேய்ந்தது. 1980களின் இறுதியில் புதுச்சேரி துறைமுகச் சுவர்கள் வந்தன. நகரக் கடற்கரையில் மணல் போய்க் கருங்கல் மிஞ்சியது. கிழக்குக் கரையில் வருட நிகரக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வதால் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது சுலபம். திருவனந்தபுரம் கரையில் மணல் ஓட்டத்தின் திசை பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. இங்கே பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல வேண்டும்.

அளப்பது யார்? குழுக்களின் தலைவர்கள் பெயர் பத்திரிகையில் வரும். ஆனால் படங்களை வரிசைப்படுத்தி, கோடு வரைந்து, கம்ப்யூட்டர் மாடலை ஓட்டுகிறவர் பெரும்பாலும் ஒரு ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ. பல்கலைக்கழகத் துறைகள் இந்த வேலைக்கு வெளியிடும் அறிவிப்புகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. புவியியல், கடலியல் அல்லது சிவில் எஞ்சினியரிங்கில் முதுகலை. நெட் அல்லது கேட் தேர்ச்சி. 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000. கடைசி வரி மாறுவதே இல்லை: பணி முற்றிலும் தற்காலிகமானது, திட்டம் முடிந்ததும் முடியும், நிரந்தரம் கோர உரிமையில்லை. திட்டமோ சாதாரணமாக மூன்று வருடம்.

நாகர்கோவில்காரர் ஒருவருக்கு இந்த வேலை கிடைத்து, கரமனையில் அறை எடுத்துத் தங்கி, காரியவட்டத்தில் உள்ள பல்கலைக்கழக வளாகத்துக்கு பஸ்ஸில் போய் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் பழைய படங்களைச் சேகரிப்பதில் போகும். லாண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1980களிலிருந்து எடுத்த படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர். வருடத்துக்கு ஒரு மீட்டர் தேயும் கரையை அதில் பிடிக்கப் பல வருடப் படங்கள் வேண்டும்.

படம் எடுத்த மாதமும் முக்கியம். இந்தக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பேரலைகள் மணலை இழுத்துக்கொண்டு போகும். மழைக்காலம் முடிந்த பிறகு அமைதியான அலைகள் பெரும்பகுதியைத் திருப்பிக் கொண்டுவரும். ஒரு வருடத்தின் பிப்ரவரிப் படத்தையும் இன்னொரு வருடத்தின் ஆகஸ்ட் படத்தையும் ஒப்பிட்டால் பேரழிவு தெரியும். மாற்றி வைத்தால் வளர்ச்சி தெரியும். இரண்டும் பொய். இன்னொரு சங்கடமும் உண்டு. கடல் கரையைத் தின்னும் அந்த மாதங்களில்தான் வானம் முழுக்க மேகம். செயற்கைக்கோளின் கேமராவுக்கு அப்போது கரை தெரியாது. மாதம் தவறாமல் யாராவது கருவியோடு மணலில் நடந்து அளக்க வேண்டும்.

நம்மவர் அதையும் செய்வார். இரண்டாம் வருடம் அளப்பார். மூன்றாம் வருடம் மாடல் ஓட்டுவார். மாடல் கடந்த காலத்தைச் சரியாகச் சொன்னால்தான் எதிர்காலத்தைச் சொல்லும்போது நம்ப முடியும். அதைச் சரிபார்க்கும் நிலைக்கு வரும்போது திட்டம் முடிந்துவிடும். அவர் வேறு வேலை தேடிப் போவார். இன்னும் சில வருடம் கழித்துப் புதிய திட்டம், புதிய ஃபெலோ, அளக்கும் இடமும் முறையும் புதிது. இரண்டு கணக்குகளுக்கும் நடுவே பாலம் இருக்காது.

நீண்ட காலம் அளந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு வடக்கே உள்ள நாராபீன் கடற்கரையைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1976லிருந்து அளந்து வருகிறார்கள். உலகெங்கும் மாடல் செய்கிறவர்கள் தங்கள் கணக்கை உரசிப் பார்க்கும் கல் அது. நியூசிலாந்தின் டைருவா கடற்கரையில் 1999 முதல் எடுத்த அளவுகளில் முதல் 15 வருடத்தை மட்டும் கொடுத்து, அடுத்த மூன்று வருடத்தைக் கணிக்கும்படி ஒரு பரீட்சை நடந்தது. 19 மாடல்கள் கலந்துகொண்டன. முடிவு 2020ல் வெளியானது. 15 வருட அளவுகள் கையில் இருந்தும் எல்லா மாடல்களும் ஒரே விடை சொல்லவில்லை. மூன்று வருட அளவை வைத்துக்கொண்டு பூந்துறையின் தலையெழுத்தைச் சொல்வது எப்படி?

இந்தியாவிடம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான படங்களை ஆராய்ந்து, நாட்டின் நிலப்பரப்புக் கரையில் 33.6 சதவீதம் அரிப்புக்கு உள்ளாவதாகக் கணக்கிட்டது. கேரளத்தில் 46.4 சதவீதம், தமிழ்நாட்டில் 42.7 சதவீதம். நாடு முழுவதற்கும் நல்ல வரைபடம் இது. ஆனால் ஒரு தெருவுக்கு, ஒரு வருடத்துக்கு, ஒரு சுவருக்கு என்று கேட்டால் உள்ளூர் அளவுகள்தான் பதில் சொல்லும். 1978ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய புவி அறிவியல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள் 1980களில் வலியதுறை கடல்பாலத்தில் கருவி பொருத்தி அலைகளை அளந்தார்கள். துறைமுகம் வருவதற்கு முன் கரை எப்படி இருந்தது என்று இரு தரப்பும் சண்டை போடும்போது, அப்படிப்பட்ட அளவுகள்தான் சாட்சி. அந்தப் பணி அன்று முதல் இன்று வரை, இந்தக் கரை முழுவதிலும், ஒரு மாதம்கூட விடாமல் நடந்திருந்தால் 2022ல் இரண்டு குழுக்கள் தேவைப்பட்டிருக்காது.

இதே நகரத்தில் இதற்கு ஒரு முன்மாதிரியும் இருக்கிறது. 1837ல் சுவாதித் திருநாள் மகாராஜா வானாய்வு நிலையம் ஒன்றை நிறுவினார். 1852ல் அதன் பொறுப்புக்கு வந்த ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பத்து வருடத்துக்கும் மேலாக வானிலையையும் பூமியின் காந்தத்தையும் விடாமல் அளந்தார். கரமனை ஆறு பிறக்கும் அதே அகஸ்தியர் மலைமேல்கூட ஒரு கிளை நிலையம் நடத்தினார். அளப்பதையே வேலையாகக் கொண்ட ஒரு பதவி இருந்தது. ஆள் மாறினாலும் பதவி இருந்தது.

கடற்கரைக்கும் அப்படி ஒரு பதவி தேவை. கடலோரப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றிலும் நிரந்தரமாக ஒருவர், அவருக்கு இரண்டு உதவியாளர்கள், மாதம் ஒருமுறை அதே இடங்களில் அதே முறையில் அளவு, அந்த அளவுகள் எல்லோரும் பார்க்கும்படி பொதுவில். கற்சுவரும் தூண்டில் வளைவும் கட்ட ஒவ்வொரு வருடமும் ஒதுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இது சில்லறைச் செலவு. சுவரை எங்கே கட்டக்கூடாது என்பதையும் அந்த அளவுகள் சொல்லும்.

அடுத்த ஃபெலோ வேலைக்கான அறிவிப்பு வரும்போதும் கடைசி வரி அப்படியேதான் இருக்கும். அதை எழுதுகிற துறைத் தலைவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் இருப்பது மூன்று வருடப் பணம். அந்த வரியை மாற்ற வேண்டியவர்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்திலும் டெல்லியிலும் இருக்கிறார்கள். அதுவரை வலியதுறையில் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே எத்தனை அடி மிச்சம் என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் அளப்பவர்கள், அந்த வீடுகளில் குடியிருப்பவர்கள்தான்.