பணமாக மாறாத தாள்கள்

வங்கித்தாள் தொடக்கத்தில் பணமாக இருக்கவில்லை. அதைக் கொண்டுவருபவருக்கு இன்ன தொகையை வெள்ளியாகவோ பொன்னாகவோ கொடுப்பதாக ஒரு வங்கி எழுதிக்கொடுத்த கடன் சீட்டாகவே அது பிறந்தது. இந்த அடிப்படையை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் 19ஆம் நூற்றாண்டின் இத்தாலிய வட்டார வங்கித்தாள்களைச் சேகரிப்போர் எதிர்கொள்ளும் விந்தையான நிலைமை விளங்கும். சொன்ன சொல் தவறாமல் காசு கொடுத்த வங்கியின் தாள்கள் வங்கிக்கே திரும்பிச் சென்று அழிக்கப்பட்டன. கொடுக்க முடியாமற்போன வங்கியின் தாள்களோ மக்களின் பெட்டிகளில் தங்கி இன்றைய ஏலக்கூடங்களுக்கு வந்து சேர்ந்தன. 1848இல் ஆஸ்திரிய ஆட்சியை எதிர்த்து எழுந்த வெனிஸ் குடியரசு முற்றுகைக் காலத்தில் வெளியிட்ட சிறுமதிப்புத் தாள்கள் இன்றும் எளிய விலைக்குக் கிடைக்கின்றன. 1849 ஆகஸ்டில் நகரம் பணிந்தபோது அங்கு வழங்கிய நகராட்சித் தாளின் மதிப்பு பாதியாகக் குறைக்கப்பட்டது என்பதை அறிந்தவருக்கு அவை இத்தனை எண்ணிக்கையில் எஞ்சியிருப்பது வியப்பளிக்காது.

1861இல் இத்தாலி ஒரே நாடானபோது அதன் பணம் ஒன்றாகவில்லை. 1862 ஆகஸ்டுச் சட்டம் லிராவை நாடு முழுமைக்கும் உரிய நாணயமாக்கி, நேப்பிள்ஸின் டக்கட் 4.25 லிராவுக்குச் சமம் என்பது போன்ற கணக்குகளை வகுத்தாலும், தாள் வெளியிடும் உரிமை பழைய அரசுகளின் எல்லைகளை ஒட்டியே பிரிந்து கிடந்தது. ஜெனோவா, டூரின் வங்கிகள் 1849இல் இணைந்ததால் உருவான தேசிய வங்கி வடக்கிலும், தஸ்கனியின் இரண்டு வங்கிகள் பிளாரன்ஸைச் சுற்றியும், நேப்பிள்ஸ் வங்கியும் சிசிலி வங்கியும் தெற்கிலும் தாள் வெளியிட்டன. 1870இல் ரோம் இத்தாலியுடன் சேர்ந்ததும் போப்பின் ஆட்சிக்காலத்து வங்கி ரோம வங்கி என்ற பெயரில் ஆறாவதாக வந்து சேர்ந்தது. ஒரு வட்டாரத்தின் தாளை இன்னொரு வட்டாரத்துக் கடைக்காரர் முழு மதிப்புக்கு வாங்கிக்கொள்வார் என்ற உறுதி இருக்கவில்லை. ஆகவே ‘வட்டார’ என்ற அடைமொழி பிற்காலச் சேகரிப்பாளர் தம் வசதிக்காக ஒட்டிய பெயரன்று. அந்தத் தாள் செல்லுபடியான நிலப்பரப்பின் எல்லையையே அது குறிக்கிறது.

இவற்றுள் மிகுந்த கவனத்துக்கு உரியவை நேப்பிள்ஸின் தாள்களே. அந்நகரின் பழைய பொதுவங்கிகள் 16ஆம் நூற்றாண்டிலிருந்தே ‘பேதே தி கிரேதிதோ’ என்ற வைப்புச் சான்றுகளை வழங்கிவந்தன. வங்கியில் பணம் வைத்தவர் அச்சான்றின் பின்புறம் கையொப்பமிட்டு இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கலாம் என்பதோடு, எதற்காகக் கொடுக்கிறார் என்பதையும் அங்கேயே எழுதலாம். வீட்டு வாடகை, மகளின் சீர், தச்சனின் கூலி என வாழ்க்கையின் கொடுக்கல் வாங்கல் முழுவதும் தாளின் முதுகில் பதிவானது. பணம் கொடுத்து முடித்த சான்றுகளை வங்கி ஊழியர்கள் நடுவில் துளையிட்டு நூலில் கோத்து அடுக்கிவைத்தார்கள். ஓவியர் கரவாஜோவுக்கு 1606இல் ஒரு படத்துக்காக 200 டக்கட் கொடுக்கப்பட்ட செய்தி அவ்வங்கிகளில் ஒன்றின் பதிவிலிருந்தே உலகுக்குத் தெரியவந்தது. 19ஆம் நூற்றாண்டில் அச்சிட்ட தாள்கள் வந்த பின்னும் நேப்பிள்ஸ் வங்கி தன் தாளில் அந்தப் பழைய பெயரைக் கைவிடவில்லை. வெறும் தொகையையும் எண்ணையும் மட்டும் தாங்கிய தாளைவிட, யார் யாருக்கு எதற்காகக் கொடுத்தார் என்ற கையெழுத்தைத் தாங்கிய தாள் பன்மடங்கு மதிப்புடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சந்தை விலை இந்த வேறுபாட்டைப் பலவேளைகளில் பொருட்படுத்துவதில்லை என்பது வருந்தத்தக்கது.

1866 மே 1ஆம் நாளின் அரசாணை இந்தத் துறையின் பெருந்திருப்பம். ஆஸ்திரியாவுடன் போர் மூளவிருந்த வேளையில் அரசுக்குத் தேசிய வங்கி 25 கோடி லிரா கடன் கொடுத்தது. அதற்கு ஈடாக, அவ்வங்கியின் தாளை வெள்ளியாக மாற்றித் தரவேண்டிய கடமை நீக்கப்பட்டது. இதற்குக் ‘கட்டாயச் செலாவணி’ என்று பெயர். தாளை மறுக்க முடியாது, மாற்றவும் முடியாது என்றானதும் மக்கள் வெள்ளி நாணயங்களைப் பதுக்கினார்கள். சில நாட்களிலேயே சில்லறை அருகிப்போனது. கூலி கொடுக்கவும் ரொட்டி வாங்கவும் வழியின்றித் தவித்த ஊர்களில் மக்கள் வங்கிகளும் நகராட்சிகளும் வணிகர்களும் தாமே 50 சென்டெசிமி, 1 லிரா மதிப்புள்ள சிறு சீட்டுகளை அச்சிட்டுப் புழங்கவிட்டனர். சென்டெசிமோ என்பது லிராவில் நூற்றில் ஒரு பங்கு. சட்டத்தின் ஆதரவு அற்று, வெளியிட்டவர்மீது அண்டை அயலார் கொண்ட நம்பிக்கை ஒன்றையே முதலாகக் கொண்டிருந்ததால் அவை ‘நம்பிக்கைச் சீட்டுகள்’ எனப்பட்டன. மலிவான தாளில் உள்ளூர் அச்சகத்தில் உருவான இச்சீட்டுகளை அழகு பார்த்து ஒதுக்குவது பெரும் பிழை. ஓர் ஊரின் எல்லைக்குள் எவர் பெயருக்கு மதிப்பிருந்தது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் வேறு ஆவணம் அரிது.

1874 ஏப்ரல் 30ஆம் நாளின் சட்டம் இந்தப் பெருக்கத்துக்கு அணைகட்டியது. ஆறு வங்கிகளும் ஒரு கூட்டமைப்பாகி 100 கோடி லிராவுக்குப் பொதுத் தாள் வெளியிட்டு அரசுக்கு அளிக்க, பிறர் தாள் வெளியிடும் உரிமை முடிவுக்கு வந்தது. 1883இல் தாளுக்கு உலோகம் மீண்டும் கிடைத்தது.

அதன்பின் நேர்ந்தது ரோம வங்கியின் வீழ்ச்சி. 1889இல் நடந்த அரசு விசாரணையில் அவ்வங்கியின் கணக்கிலிருந்த ஓட்டை தெரிந்தும் அறிக்கை மறைத்துவைக்கப்பட்டது. 1892 டிசம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர் நெப்போலியோனே கொலயானி அவையில் அதை வெளிப்படுத்தினார். சட்டம் அனுமதித்த வரம்பை மீறித் தாள் வெளியிட்டதோடு, முன்பே வழங்கிய தாள்களின் வரிசை எண்களையே மீண்டும் இட்டுப் புதிய தாள்களை அச்சிட்டிருந்ததும் தெரியவந்தது. வங்கித் தலைவர் பெர்னார்தோ தன்லோங்கோ கைதாகி 1894இல் விடுதலையானார். 1893 ஆகஸ்டுச் சட்டத்தின்படி ரோம வங்கி கலைக்கப்பட்டது. தேசிய வங்கியும் தஸ்கனியின் இரு வங்கிகளும் இணைந்து இத்தாலிய வங்கி உருவானது. நேப்பிள்ஸும் சிசிலியும் மட்டும் 1926 வரை தம் தாளைத் தொடர்ந்தன. கைமாறும் தாளில் எண் என்பதே உண்மைக்குச் சான்று என்று கருதப்பட்ட காலத்தில், ஒரே எண்ணோடு இரண்டு தாள்களை வங்கியே படைத்தது எத்தகைய நம்பிக்கைத் துரோகம் என்பதை உணர்ந்தவர், ரோம வங்கித் தாளின் எண்ணை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கடந்துபோக மாட்டார்.

இணைந்த வங்கிகளின் தாள்களைக் குறித்த காலத்துக்குள் மாற்றிக்கொள்ள வழி இருந்ததால், தஸ்கனியின் உயர்மதிப்புத் தாள்கள் இன்று மிக அரியவை. எஞ்சியவற்றுள் வங்கி நீக்கல் முத்திரையிட்டு வைத்துக்கொண்டவையும், மாதிரித் தாள்களும், மாற்ற மறந்தவர்களின் தாள்களும் அடங்கும். அக்காலத்துக் கள்ளத் தாள்களும் உண்டு; அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துக் காசு பெற இயலாமையே அவை பிழைத்ததற்குக் காரணம். இவற்றை வாங்குவோர் மடிப்பில்லாத, வெளுத்த தாளையே விரும்புவதால், பழைய தாளை நீரில் கழுவி அழுத்தித் தேய்த்து விற்கும் வழக்கம் பரவியிருக்கிறது. கழுவிய தாள் தன் மொடமொடப்பை இழந்து துணிபோல் துவண்டுவிடும்; அச்சின் மேடுபள்ளம் தட்டையாகிவிடும்; குத்தூசித் துளைகள் அடைபட்டுப்போகும். நம்பிக்கைச் சீட்டு ஒன்றில் நான்காக மடித்த கோடும், விரல்பட்டுக் கறுத்த ஓரமும் இருந்தால் அவற்றை அப்படியே விட்டுவிடுவதே முறை. 1866க்குப் பின் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரொட்டி வாங்கச் சென்றவரின் தடம் வேறெங்கும் எஞ்சியிருப்பதில்லை.